முதல் பாதியை மாற்றியவள்

அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஜோடி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமே வேண்டாம் என்று நாற்பதைத் தாண்டிவிட்ட ஒருத்திக்கு இப்படி ஒரு பட்டத்தைச் சூட்ட எவனுக்கு மனசு வந்ததோ என்று, புதிதாக வருபவர்களுக்குக் கோபம்கூட வரும். அவளுக்கு வந்ததில்லை. அந்தப் பட்டத்தை அவள் உழைத்துச் சம்பாதித்திருந்தாள்.

அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போதே ரப்பர் வாடை மூக்கைத் துளைக்கும். மேலே போனால் எட்டுப் பத்து மேசைகள், ஓயாமல் முனகும் ஒரு ஏ.சி., மூலையில் கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு பெரிய கணினி. மருத்துவமனைகளுக்குப் புரோகிராம் எழுதித் தருவது அவர்கள் பிழைப்பு. அவர்கள் எழுதிய மொழியில் எல்லாமே ஆப்ஜெக்ட், அதாவது தனித்தனிப் பொருள். நோயாளி ஒரு ஆப்ஜெக்ட், படுக்கை ஒரு ஆப்ஜெக்ட், மருந்துச் சீட்டு ஒரு ஆப்ஜெக்ட். ஆனால் இரண்டு பொருளை ஒன்றாகக் கட்டி ஒரே கையில் கொடுக்க அந்த மொழியில் ஆயத்தமாக ஒன்றும் கிடையாது. ரத்த அழுத்தம் என்று கேட்டால் மேல் எண்ணும் வேண்டும், கீழ் எண்ணும் வேண்டும். ஒருவன் இரண்டையும் வரிசையாக அடுக்கித் தருவான். இன்னொருவன் நடுவில் கோடு போட்டு ஒரே சொல்லாக ஒட்டித் தருவான். மூன்றாமவன் ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை மறந்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான்.

இந்த அலங்கோலத்தைப் பொறுக்கமாட்டாமல்தான் அவள் ஒரு நாள் 'ஜோடி' என்று ஒரு கிளாஸ் எழுதினாள். கிளாஸ் என்றால் அச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அச்சில் வார்த்தால் இரண்டு அறை கொண்ட ஒரு சின்னப் பெட்டி கிடைக்கும். ஒன்று முதல் பாதி, மற்றது இரண்டாம் பாதி. எதை வேண்டுமானாலும் உள்ளே வைக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: பெட்டி செய்யும்போதே இரண்டையும் வைத்துவிட வேண்டும், வைத்தபின் எதையும் மாற்ற முடியாது. அந்த நிபந்தனைக்காக அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

"ஒரு பாதியை மட்டும் மாத்த வழி வச்சா என்னம்மா குறைஞ்சு போச்சு?" என்று கேட்காத ஆளில்லை.

"மாத்தணும்னா புதுசா ஒண்ணு கட்டிக்குங்க. கட்டினது கட்டினதுதான்" என்பாள்.

"இவ்வளவு கறாரா இருக்கறதாலதான் உனக்கு ஜோடி அமையல" என்று ஒருவன் சொல்ல, மொத்த அறையும் சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் நிபந்தனையைத் தளர்த்தவில்லை. காரணம் இல்லாமல் அடம்பிடிக்கிற ரகமில்லை அவள். அந்தக் காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் இதுதான் குடியைக் கெடுக்கப் போகிறது.

ஆயிரக்கணக்கான பொருளுக்கு நடுவில் ஒன்றைச் சட்டென்று எடுக்க, கணினி ஒரு தந்திரம் செய்யும். நிறைய பொந்துகள் உள்ள ஓர் அலமாரி இருக்கிறது. ஒரு ஜோடியை வைக்க வரும்போது, அதன் இரண்டு பாதிகளையும் பிசைந்து ஓர் எண்ணை உருட்டி, அந்த எண் உள்ள பொந்தில் வைக்கும். பிறகு அதே ஜோடியைக் கேட்டால் மறுபடி அதே மாதிரி பிசைந்து, அதே எண் வர, நேரே அந்தப் பொந்தில் கையை விடும். அலமாரி முழுவதையும் துழாவவேண்டியதில்லை. சரி, உள்ளே வைத்த பிறகு ஒரு பாதியை மாற்றிவிட்டால்? பிசைந்தால் வேறு எண் வரும். கணினி வேறு பொந்தில் கையை விடும். அங்கே ஒன்றும் இருக்காது. இல்லை என்று சொல்லிவிடும். ஜோடியோ பழைய பொந்திலேயே உட்கார்ந்திருக்கும். எண்ணிப் பார்த்தால் கணக்கில் வரும், மேலிருந்து கீழே படித்தால் கண்ணில் படும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் கிடைக்காது. இது அவளுக்குப் பாலபாடம்.

அவளுடைய தம்பி லிஃப்ட் மெக்கானிக். வாயாடி. நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் மேலிருந்தே கதை பேசிச் சிரிக்கவைத்து வெளியே எடுப்பான். அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப்போனது தெரியவந்தபோது, "ரெண்டும் ஒரே நேரத்துல ஸ்ட்ரைக்காம்கா, பேச்சுவார்த்தைக்கே வரமாட்டேங்குது" என்றான். வாரத்தில் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு அவனைக் கட்டிப்போட்டார்கள். குடிக்கிற தண்ணீருக்கு அளவு வந்தது. அம்மா அளந்தால் பாசத்தில் கை தாராளமாகிவிடும் என்று அந்த வேலையை அக்காவே எடுத்துக்கொண்டாள். சமையலறையில் கோடு போட்ட ஒரு டம்ளர் இருந்தது. கோட்டுக்கு மேலே ஒரு சொட்டு போகவிடமாட்டாள்.

"ஈவிரக்கமே இல்லையா உனக்கு? நாக்கு மேலண்ணத்துல ஒட்டுதுக்கா" என்று கெஞ்சுவான்.

"ஒட்டட்டும். உயிரோட இருந்தாத்தான் நாக்கு" என்பாள்.

அம்மா தன் சிறுநீரகத்தைத் தரத் தயாராக இருந்தாள், ரத்தப் பிரிவு ஒத்துப்போகவில்லை. அக்காவுக்கும் அதே பிரிவுதான். இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. இதே மாதிரி பொருந்தாத ஜோடி இன்னொரு குடும்பத்திலும் இருக்கும். இவர்கள் கொடுப்பது அங்கே பொருந்தும், அவர்கள் கொடுப்பது இங்கே பொருந்தும். ஜோடிக்கு ஜோடி மாற்றிக்கொள்ளலாம். பல மருத்துவமனைகள் சேர்ந்து அதற்கு ஒரு பதிவு வைத்திருந்தன. அதற்கான புரோகிராம் எழுதியது யார் என்று நினைக்கிறீர்கள்? டயர் கடை மாடிதான். கொடுப்பவர் முதல் பாதி, வாங்குபவர் இரண்டாம் பாதி. அவளுடைய பெட்டி அங்கே கச்சிதமாகப் பொருந்தியது. தான் எழுதிய பெட்டிக்குள் அம்மாவும் தம்பியும் போய் உட்கார்ந்ததைத் திரையில் பார்த்த அன்று, அவள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். பொருத்தம் வரவில்லை. இதற்கிடையில் அம்மாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, இனி அவள் கொடுக்க முடியாது என்றார்கள். "எதுக்குடா இந்த உடம்பு எனக்கு" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. தன்னைப் பரிசோதித்துக்கொண்டாள், எல்லாம் சரியாக இருந்தது. முடிவுகளைத் தம்பியின் கோப்பில் ஏற்றியும் ஆயிற்று. இனி முதல் பாதியில் அம்மா பெயருக்குப் பதிலாகத் தன் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான்.

மருத்துவமனையில் பதிவைக் கவனித்துக்கொள்ளும் பெண்மணி கையைப் பிசைந்தார்.

"கொடுக்கறவங்க மாறினா பழைய பதிவை எடுத்துட்டுப் புதுசாத்தான் போடணும் மேடம். அப்போ காத்திருந்த காலம் எல்லாம் போயிடும். முதல்லேர்ந்து வரிசையில நிக்கணும்."

"யார் போட்ட சட்டம் அது?"

"சட்டம் எல்லாம் இல்ல மேடம். மாத்தலாம்னு பெரியவங்களே சொல்றாங்க. ஆனா புரோகிராம் விடமாட்டேங்குது. உங்க ஆபீஸ்ல எழுதினதுதானே?"

வழியெல்லாம் பஸ்ஸில் அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்தது. தம்பி இயந்திரத்தோடு படுத்துக்கிடந்த அத்தனை நாளும், தாகத்தில் தவித்த அத்தனை நாளும் கணக்கிலிருந்து அழிந்துபோகுமாம். எதற்காக? அவள் எப்போதோ போட்ட ஒரு நிபந்தனைக்காக. மதியம் அலுவலகத்துக்கு வந்து, சாப்பாட்டுப் பையைப் பிரிக்காமலே உட்கார்ந்து, ஜோடி கிளாஸைத் திறந்து, முதல் பாதியை மாற்ற ஒரு வழி எழுதினாள். இரண்டே வரி. தம்பியின் ஜோடியை எடுத்தாள், அம்மாவை நீக்கினாள், தன்னை வைத்தாள். எண்ணிப் பார்த்தாள், மொத்தக் கணக்கு சரியாக இருந்தது. பட்டியலைப் படித்துப் பார்த்தாள், அவளும் தம்பியும் பழைய தேதியோடு பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். அப்பாடா என்று திரையை மூடினாள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. பாலபாடம் அந்த மதியத்தில் நினைவுக்கு வரவேயில்லை. தேதி, தேதி, தேதி என்றுதான் மனசு அடித்துக்கொண்டிருந்தது.

மேசைக்கு மேசை செய்தி பரவியது. "கடைசியில ஜோடியே இறங்கி வந்தாச்சு!" என்று கைதட்டினார்கள். தன் தம்பிக்காக என்பதை அவள் மறைக்கவில்லை. யாரும் குறை சொல்லவுமில்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள், நானாக இருந்தாலும்.

அந்த வழியை அதன்பிறகு வேறு யாரும் பயன்படுத்தவில்லை. பொருத்தம் பார்க்கும் வேலை வாரம் தவறாமல் நடந்தது. பட்டியலிலிருந்து ஒவ்வொரு ஜோடியாக எடுத்து, பொந்தில் அதனோடு வைத்திருக்கும் கோப்பைப் பெயர் சொல்லிக் கேட்கும். கோப்பு இல்லை என்று பதில் வந்தால், பரிசோதனை இன்னும் முடியாத ஜோடி போலிருக்கிறது என்று சத்தம் போடாமல் அடுத்ததற்குப் போய்விடும். அப்படித்தான் எழுதியிருந்தார்கள், தப்பும் இல்லை, பரிசோதனை முடியாத ஜோடிகள் எப்போதும் நாலைந்து இருக்கும். வாரா வாரம் தம்பியின் முறை வந்தது, வாரா வாரம் கணினி காலிப் பொந்தில் கையை விட்டுவிட்டு நகர்ந்தது.

"என்னக்கா, இந்த வாரமும் நம்ம நம்பர் விழலையா?" என்று தம்பி கேட்பான்.

"லிஸ்ட்ல மேலதான்டா இருக்கோம். வரும்."

அவள் பொய் சொல்லவில்லை. பட்டியலில் அவன் மேலேதான் இருந்தான், மாதத்துக்கு மாதம் இன்னும் மேலே போனான். உடம்புதான் கீழே போனது. முதலில் படியேற முடியவில்லை. லிஃப்டைக் கட்டி ஆண்டவனுக்கே மூச்சு வாங்கி லிஃப்டுக்காக நிற்கவேண்டி வந்தது. அப்புறம் வேலையை விட்டான். கால் வீங்கியது. ஒரு காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுக்கையில் தள்ளியது. வாய் மட்டும் ஓயவில்லை.

கண்ணாடித் தடுப்புக்குள் இருந்த கணினியைப் பார்த்துக்கொள்ளும் ஆளை மெஷின் என்று அழைப்பார்கள். அந்தக் கணினி ஒரு தடவைகூட அணைந்ததில்லை என்பது அவர் வாழ்நாள் பெருமை. மின்சாரம் போனாலும் பேட்டரி தாங்கும். வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, "அன்னைக்குப் போட்டது, இன்னும் ஓடுது பாருங்க" என்பார். டயர் கடையில் ஒரு நாள் ஒயர் பற்றிக்கொண்டு, கட்டடத்துக்கே இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் போனது. பேட்டரி செத்தது. கணினி அணைந்தது. மெஷினைப் பார்க்கச் சகிக்கவில்லை, இழவு வீட்டில் இருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மின்சாரம் வந்து, கணினியை மறுபடி போட்டபோது, அது சேமிப்பிலிருந்த ஜோடிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, புதிதாகப் பிசைந்து, புதிதாகப் பொந்துகளில் அடுக்கியது.

அந்த வாரமே பதிவுப் பெண்மணியின் போன் வந்தது.

"மேடம், வந்துடுச்சு! உங்க தம்பிக்குப் பொருத்தம் வந்துடுச்சு! அச்சு அசல் பொருத்தம்!"

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மா அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். தம்பி, "ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கு ஒரு குடம் தண்ணிய அப்படியே தூக்கிக் கவுத்துக்கப் போறேன், யாரும் தடுக்கக் கூடாது" என்றான். அறுவைக்கு முன் பரிசோதனைகள் செய்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் அக்காவை மட்டும் தனியே அழைத்தார்.

"இதயம் ரொம்ப பலவீனமா இருக்கும்மா. இந்த உடம்பு ஆபரேஷனைத் தாங்காது. மேசையிலேயே போயிடும்."

"தேத்த முடியாதா டாக்டர்? கொஞ்ச நாள் பார்த்துட்டு..."

"இனிமே தேறாது. நான் மறைக்க விரும்பல. போன வருஷம் வந்திருந்தார்னா தயங்காம செஞ்சிருப்பேன்." கோப்பை மூடினார். "ஆமா, அந்த இன்னொரு ஜோடி, நீங்க அம்மா பேரை மாத்தின வாரமே பதிவுக்கு வந்திருக்காங்களே. ஏன் இவ்வளவு நாள் பொருத்தம் காட்டல?"

பதில் அவளுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. நெஞ்சில் ஏற மறுத்தது, அவ்வளவுதான். அலுவலகத்துக்குப் போனாள். மெஷின் எதிரே வந்தார், முகமெல்லாம் பல்.

"என்னம்மா ஜோடி, அணைஞ்சு போச்சேன்னு எவ்வளவு வருத்தப்பட்டேன்! அணைஞ்சதாலதானே உன் தம்பிக்கு வந்திருக்கு! நல்ல நேரம்னா இப்படித்தான் வரும்!"

அவள் நேரே தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். பழைய பதிவை ஒரு தனி இடத்தில் ஏற்றினாள். அம்மாவை நீக்கித் தன்னை வைத்தாள். எண்ணிப் பார்த்தாள், சரி. பட்டியலைப் படித்தாள், சரி. பிறகு, அன்று செய்யாததைச் செய்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

இல்லை என்று வந்தது.

மறுபடி கூப்பிட்டாள். இல்லை. தானும் தம்பியும் திரையில் கண்ணெதிரே இருக்க, கணினி இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. வேறு யாராவது செய்த பிழையாக இருந்தால் அவர் வீட்டு வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றியிருப்பாள். யாரைத் தூற்றுவது? தேதியைக் காப்பாற்றினாள், தம்பியைத் தொலைத்தாள். புதிதாகப் பதிந்து கடைசி ஆளாக நின்றிருந்தால்கூட, அடுத்த வாரமே அந்தப் பொருத்தம் வந்திருக்கும். அந்த இன்னொரு ஜோடியும் இவர்களுக்காகத்தான் அவ்வளவு நாள் காத்திருந்தது. இப்போது வேறு யாருடனோ மாற்றிக்கொள்ளப் போகிறது.

அவள் எழுதிய அந்த இரண்டு வரியையும் அழித்தாள். முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர், "நாலு நாள் லீவு போட்டுக்கோம்மா" என்றார். அவருக்கும் வேறென்ன சொல்லத் தெரியும்?

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் தாழவில்லை. தம்பி ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். வீங்கிய கால்களை ஸ்டூலில் நீட்டியிருந்தான். அம்மா உள்ளே, அறுவைக்குப் பிறகு வருகிறவர்கள் படுக்க இடம் வேண்டுமே என்று, பாய்களை உதறிக்கொண்டிருந்தாள்.

"வாக்கா. மெஷின் அண்ணன் போன் பண்ணாரு. அணைச்சுப் போட்டதும் நம்ம பேரு வந்துச்சாமே! லிஃப்டுக்கும் அதே வைத்தியம்தான். பாதி ரிப்பேரை நான் அப்படித்தான் சரி பண்ணியிருக்கேன், வெளிய சொல்லிடாதே."

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள்.

"உண்மையா சொல்றேன்கா, சிரிக்காதே." அவன் குரல் இறங்கியது. "அன்னைக்கு அந்தப் பொம்பள தேதி போயிடும்னு சொன்னப்போ, நீ மட்டும் ஆபீஸ்ல போய் அதை மாத்தலன்னா, நான் இந்நேரம் வரிசையில எங்க கிடந்திருப்பேனோ. அம்மாகிட்ட தினமும் சொல்வேன். அக்கா இல்லன்னா நான் இல்லம்மான்னு."

சொல்லிவிடலாமா என்று அவளுக்கு வாய்வரை வந்தது. நான்தான்டா, நான் மாற்றினதால்தான்டா என்று காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. விழுந்தால் அவன் மன்னித்துவிடுவான். ஏதாவது ஒரு ஜோக் சொல்லி மன்னித்துவிடுவான், அதை அவளால் தாங்க முடியாது. அதோடு, அவனுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு பெருமைதான். அதையும் எதற்குப் பிடுங்க வேண்டும்?

"டாக்டர் உன்னைத் தனியா கூப்பிட்டாராமே. என்ன சொன்னாரு? எந்த தேதியாம்?"

"இரு, வரேன்" என்று சமையலறைக்குப் போனாள்.

கோடு போட்ட டம்ளரைக் கையில் எடுத்தாள். வைத்துவிட்டாள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் பெரிய டம்ளரை எடுத்துக் கழுவினாள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினாள். சிந்தாமல் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

தம்பி டம்ளரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்னக்கா, அளவு தாண்டுதே?"

"பரவால்லடா. குடி."

உள்ளே அம்மா பாயை உதறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தம்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். தேதியைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. பிறகு அண்ணாந்து, நிறுத்தாமல், முழுவதையும் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு டம்ளரை அவளிடம் நீட்டினான்.

"இன்னொரு டம்ளர் குடுக்கா" என்றான்.

அவள் போய் ஊற்றிக்கொண்டு வந்தாள்.